கொரிய மொழிப் பள்ளியைத் தேர்வு செய்வது எப்படி? தங்கவயல் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

சாம்பியன் ரீப்ஸ்: கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்ட பின், தங்கவயல் தமிழர்கள் பலர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று வருகின்றனர். வேலைவாய்ப்பை எண்ணிக் கொரிய மொழி கற்க விரும்புவோர், பள்ளியில் கட்டணம் செலுத்தும் முன் சிலவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

முதலாவது, பாடமுறை. ஹங்குல் எனப்படும் கொரிய எழுத்துமுறையில் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. அவற்றைத் தொடக்கத்திலேயே கற்பிக்காமல், ஆங்கில எழுத்துகளில் பாடம் நடத்தினால் உச்சரிப்பு பிழைபடும். தமிழைப் போலவே கொரிய மொழியிலும் வினைச்சொல் வாக்கிய இறுதியில் வரும் என்பதால், தமிழோடு ஒப்பிட்டு விளக்கும் ஆசிரியர் கிடைத்தால் கற்பது எளிதாகும்.

இரண்டாவது, தேர்வு. பள்ளி வழங்கும் சான்றிதழைவிட 'டோபிக்' தேர்வுக்கே மதிப்பு அதிகம். அதன் தொடக்கத் தேர்வில் 200-க்கு 80 மதிப்பெண் பெற்றால் முதல் நிலை. 140 பெற்றால் 2-ம் நிலை. இம்மதிப்பெண் 2 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், பயன்படுத்தும் காலத்தைக் கணக்கிட்டு எழுத வேண்டும்.

மூன்றாவது, பயணம். ரயிலிலேயே பல மணி நேரம் கழிப்போருக்கு, கொரிய அரசு ஆதரவுடன் இயங்கும் கிங் செஜோங் நிறுவனத்தின் இணையவழிப் பாடங்கள் உதவும்.

மொழிச் சான்றிதழ் மட்டுமே விசாவையோ வேலையையோ பெற்றுத் தராது. அவ்வாறு உறுதியளித்துப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.