நூறைத் தொடும்வரை யார் முந்துவார்?

மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை ஓயாத வாக்குவாதம் இது. ஒரு பக்கம் ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட ஃபோர்ட் மஸ்டாங். மறுபக்கம் இரண்டே லிட்டர் டர்போ எஞ்சினுடன் நான்கு சக்கரங்களாலும் ஓடும் ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஆர். பச்சை விளக்கு விழுந்ததும் எது முந்தும்?

2015-இல் ஐரோப்பாவுக்கு வந்த மஸ்டாங் ஜிடி 421 குதிரைத்திறன் கொண்டது. எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆர், 320 மட்டுமே. நூறு குதிரை குறைவு. ஆனால் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட மஸ்டாங்குக்கு 4.8 விநாடி, கோல்ஃபுக்கு 4.7. இரண்டுமே தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்குதான்.

காரணம் எஞ்சினில் இல்லை, டயரில் இருக்கிறது. மஸ்டாங்கைத் தள்ளுபவை பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே. எண்ணெய் மிதித்ததும் காரின் எடை பின்னால் சாயும். அப்படியும் மொத்த எடையில் 60 விழுக்காடு பின்சக்கரங்களில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் சாதாரண நல்ல டயர், ஏறத்தாழ தன்மேல் உள்ள எடை அளவுக்கே பிடித்து இழுக்கும். கணக்குப் போட்டால் நூறை எட்ட 4.7 விநாடி ஆகிவிடும். அதே டயரில் இன்னும் 400 குதிரைகளைக் கட்டினாலும் அவை புகையாகத்தான் போகும். 840 குதிரைத்திறன் வரை தரும் டாட்ஜ் சேலஞ்சர் டீமனுக்கு, நிறுவனமே டிராக் பந்தய வகை டயரைப் பொருத்தி விற்றது இதனால்தான்.

கோல்ஃபுக்கோ முழு எடையும் பயன்படுகிறது. டர்போ இருப்பதால் 2,100 சுழற்சியிலேயே முழு இழுவிசையும் கிடைத்துவிடும்.

நம்மூர் மாலை மழையைச் சேர்த்துப் பாருங்கள். பிடிமானம் பாதியானால் மஸ்டாங்கின் நேரம் இரட்டிப்பாகும். கோல்ஃப் ஒன்றிரண்டு விநாடிதான் இழக்கும். ஒன்றை மறக்கக்கூடாது: நான்கு சக்கர இயக்கம் கிளம்பத்தான் உதவும், பிரேக் பிடிக்க உதவாது. மழையில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அப்படியானால் வி8 வீணா? இல்லை. நூறைத் தாண்டியபின் டயர் தடையாக இருக்காது. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரை என்பதுதான் பேசும். மஸ்டாங்குக்கு ஏறத்தாழ 245, கோல்ஃபுக்கு 206. அங்கே மஸ்டாங் விலகிப் போகும். ஆனால் நமது நெடுஞ்சாலையில் உச்ச வரம்பு 110! அதன் பலம் தொடங்கும் இடத்தில் சட்டம் முடிந்துவிடுகிறது. மிச்சத்தைப் பார்க்க செப்பாங் பந்தயத் தடத்துக்குத்தான் போகவேண்டும்.

சாலை வரியும் கொஞ்சமில்லை. தீபகற்பத்தில் தனியார் பெயரில் பதிந்த 4,951 சிசி மஸ்டாங்குக்கு ஆண்டுக்கு 10,900 வெள்ளிக்குமேல். 1,984 சிசி கோல்ஃபுக்குச் சுமார் 370 வெள்ளி. அந்த வி8 ஓசைக்காக மட்டும் இவ்வளவு கொடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டவர்களுக்குப் புரியும்.

இவற்றில் பழைய காரை வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து டயரைப் பாருங்கள். கோல்ஃபில் நான்கும் ஒரே வகையா, ஒரே அளவு தேய்ந்தவையா என்று கவனியுங்கள். இல்லையென்றால் பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் கிளட்ச் ஓயாமல் உழைத்துத் தேயும். மஸ்டாங்கில் முன் டயர் பழையது, பின் டயர் மட்டும் புத்தம் புதிது என்றால், முந்தைய உரிமையாளர் பச்சை விளக்கில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.