கட்டைவிரல் பருமனில் ஒரு கம்பி

கண்மணி, ஆஸ்திரேலியாவில் ‘மோட்டார்ஹோம்’ என்று ஒரு வண்டி ஓடுகிறது, படத்திலாவது பார்த்திருக்கிறாயா? கட்டில், அடுப்பு, குட்டிக் குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பத்தோடு கிளம்பி, வாரக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள்.

ஆளில்லாத கடற்கரையில் வண்டியை நிறுத்தினால் மின்கம்பத்துக்கு எங்கே போவது? வண்டியில் இருக்கும் பேட்டரிதான் துணை. ஆனால் அது தருவது 12 வோல்ட். அந்த நாட்டு வீட்டுச் சாமான்கள் கேட்பதோ 230 வோல்ட். அதோடு, பேட்டரி மின்சாரம் ஒரே திசையில் ஓடும். வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்குள் 50 தடவை போய்த் திரும்பும்.

இந்த இரண்டையும் மாற்றிக் கொடுக்கிற பெட்டிதான் இன்வெர்ட்டர். கரண்ட் போனால் நம் வீட்டு மின்விசிறியைச் சுழல வைக்கிறதே, அதே வேலைதான்! உள்ளே இருக்கும் மின்னணு சுவிட்சுகள் படுவேகமாகத் திறந்து மூடித் திசையை மாற்றுகின்றன. மின்மாற்றி வோல்ட்டை ஏற்றுகிறது.

புரிகிறதா? இப்போது பெட்டியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டிலைச் செருகும் பக்கம் ஒல்லியான கம்பி. பேட்டரிப் பக்கம் சிவப்பும் கறுப்புமாக, கட்டைவிரல் பருமனில் இரண்டு கம்பிகள். ஏன் இப்படி என்று கேட்கிறாய் அல்லவா? சபாஷ்! நல்ல எலக்ட்ரீஷியன் முதலில் யோசிப்பதும் அதைத்தான்.

கணக்குப் போடுவோம். வோல்ட்டை, மின்னோட்டத்தின் அளவான ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும். நம் கெட்டில் 1200 வாட். 230 வோல்ட்டில் அதற்கு 5 ஆம்பியர் சொச்சம் போதும். 12 வோல்ட்டில்? 1200-ஐ 12-ஆல் வகுத்துப் பார். 100 ஆம்பியர்! இன்வெர்ட்டர் தன் செலவுக்கு எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

பள்ளிக்கூட மணி அடித்ததும் எல்லாரும் ஒற்றை ஆள் நுழையும் வாசலில் முட்டிமோதினால் எப்படி இருக்கும்? ஒல்லிக் கம்பியில் 100 ஆம்பியரும் அப்படித்தான். நெருக்கடி, உரசல், சூடு. கொஞ்சநஞ்ச சூடா அது? ஒரே கம்பியில் மின்னோட்டம் 20 மடங்கு ஏறினால், சூடு 400 மடங்கு ஏறும்! உறை உருகித் தீப்பிடித்துவிடும். அதனால் பேட்டரிப் பக்கக் கம்பி தடியாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸும் வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஃபியூஸ்தான். மின்னோட்டம் அளவு மீறினால் தான் உருகி, வண்டிக்குள் தூங்குகிற பிள்ளைகளைக் காப்பாற்றிவிடும்.

இன்வெர்ட்டரும் சுடும், அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும். ஈய அமில பேட்டரியோடு ஒரே பெட்டிக்குள் அதை அடைக்கவே கூடாது. அந்த பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். மாட்டுகிற வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடு, கண்ணா. 230 வோல்ட் எங்கே இருந்தாலும் 230 வோல்ட்தான்.

இன்னொன்று. இன்வெர்ட்டர் புதிதாக மின்சாரம் எதையும் உண்டாக்குவதில்லை. நம் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 5 நிமிடம். அதற்குள் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு காலி! காப்பிக்குத் தண்ணீரை எரிவாயு அடுப்பில் வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். 60 வாட் மடிக்கணினிக்கு இன்வெர்ட்டரைத் தாராளமாகப் போடலாம். அது 12 வோல்ட் பக்கம் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? நீயே வகுத்துச் சொல், பார்ப்போம்!