தலைக்கு மேலே ஒரு வீதி

மலைநாட்டாருக்கு மலை அழகும் தருகிறது, தடையும் ஆகிறது. கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது 1924 ஆம் ஆண்டிலேதான். அதற்குள் எத்தனை மலைகளைக் குடைய வேண்டியிருந்தது, எத்தனை பள்ளங்களுக்குப் பாலமிட வேண்டியிருந்தது! 1982 இல் ரூபவாஹினி தோன்றிய பின்னரும் மலை தன் பிடிவாதத்தை விடவில்லை. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. இடையே ஒரு மலை குறுக்கிட்டால் அதன் மறைவிலுள்ள லயத்தில் படம் தெளிவதில்லை.

ஆயினும் மலையால் மறைக்கவொண்ணாத வீதி ஒன்று நம் தலைக்கு மேலே உண்டு. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை விட்டால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவரும். நம் கண்ணுக்கு அது ஓரிடத்திலேயே நிற்பதுபோலாகும். இத்தகைய செய்மதிகள் மூலம் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956 இல் இலங்கைக்கு வந்து இதையே தம் இல்லமாக்கிக்கொண்டவர். 1975 இல் இந்தியா 2,400 கிராமங்களுக்குச் செய்மதிவழி கல்வி ஒளிபரப்பைச் சோதித்தபோது, கொழும்பிலிருந்த அவர் வீட்டிலும் ஒரு தட்டு நிறுவப்பட்டது. அன்று அறிஞர் ஒருவரின் இல்லத்துக்கு வந்த பொருள் இன்று லயத்து முற்றத்துக்கும் வந்திருக்கிறது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் கண்ட காட்சியை இங்கே கூறுதல் தகும். கொழுந்து பறித்த கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்து, மோட்டார் பூட்டிய தட்டொன்றை ஒரு குடும்பத்தார் வாங்கியிருந்தனர். கூடவந்த கைந்நூலின் படத்தைப் பார்த்து, அதிலுள்ளவாறே அடிவானத்தை நோக்கித் தட்டைச் சாய்த்துவைத்தனர். ஒரு அலைவரிசைகூடக் கிட்டவில்லை. தகப்பனார் தலையிற் கைவைத்து அமர்ந்துவிட்டார். சாதாரண தரத்தில் பயிலும் மகள் மட்டும், "அப்பா, இந்தப் புத்தகம் எந்த ஊர்க்காரருக்கு எழுதியது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது.

குளிர்நாட்டு இலண்டனில் செய்மதி வீதியின் மிக உயர்ந்த இடமே அடிவானத்திலிருந்து 31 பாகையளவில்தான் இருக்கும். பதுளையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில் உள்ள ஊர். இங்கே அவ்வீதி கிழக்கே எழுந்து, உச்சியிலிருந்து தெற்கே 8 பாகையளவே விலகி, மேற்கே இறங்குகிறது. ஆகவே 83 பாகைக் கிழக்கில் நிற்கும் இந்தியச் செய்மதி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. 105.5 பாகையிலுள்ள ஆசியாசாட்டும் 60 பாகை உயரத்தில் நிற்கிறது. பள்ளத்தாக்கிலுள்ளோருக்கும் இவற்றை எந்த மலை மறைக்கும்?

இனி அமைக்கும் முறையைக் காண்போம். கம்பத்தைத் தகரக்கூரையில் நிறுத்தலாகாது. காற்றடித்தால் கூரையோடு தட்டும் ஆடும். முற்றத்தில் குழிதோண்டிக் கொங்கிரீற்றிட்டு நிறுத்துவதே நன்று. நிலம் நிர்வாகத்துக்குரியதாயின் முன்கூட்டியே அனுமதி பெறுக. கம்பம் செங்குத்தாக நிற்கின்றதா என்பதைத் தூக்குக்குண்டு கொண்டு நான்கு புறமும் பார்க்க வேண்டும். கம்பம் சரிந்தால் எல்லாம் சரியும்.

அடுத்தது வடக்கு தெற்கு. இரும்பின் அருகே திசைகாட்டி பொய்சொல்லும். மாணவர்கள் ஒரு குச்சியை நேராக நட்டு, முற்பகலில் நிழலின் நுனியைக் குறிக்கட்டும். பிற்பகலில் அதே நீளத்துக்கு நிழல் வரும்போது மீண்டும் குறிக்கட்டும். இரு குறிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்காகும். அதன் நடுப்புள்ளியைக் குச்சியுடன் இணைத்தால் வடக்கு தெற்குக் கோடு கிட்டும்.

தட்டு சுழலும் அச்சு அக்கோட்டோடு ஒத்து, வடக்கே 7 பாகை மட்டும் உயர்ந்திருக்க வேண்டும். ஏறத்தாழக் கிடையாகவே தோன்றும். அச்சுக்குச் செங்குத்தான நிலையிலிருந்து தட்டை மேலும் ஒன்றேகால் பாகை தெற்கே சாய்க்க வேண்டும். முதலில் 83 பாகையிலுள்ள செய்மதியைப் பிடித்துப் பின் மோட்டாரைக் கிழக்கும் மேற்கும் ஓட்டுக. நடுவே நன்றாயிருந்து இரு முனைகளிலும் குறை தெரிந்தால், கம்பத்தின் மீதுள்ள பிடியை மயிரிழையளவாகத் திருப்பிப் பார்க்க. ஓரிரு பாகைப் பிழையே படத்தைக் கெடுக்கப் போதும்.

வானை நோக்கிய தட்டு மழைநீரை ஏந்தும் சட்டியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை எண்ணி, வலைத்தட்டு வாங்குக. அல்லது நீர் வடிய அடியில் ஒரு துளையிடுக. கம்பத்துக்கு நிலத்தொடுப்புக் கம்பி அவசியம். இடிமழை நெருங்குமுன்பே தட்டிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிவைத்தல் உயிருக்கும் பொருளுக்கும் காப்பாகும்.

அப்பெண் மறுநாளே முற்றத்தில் குச்சி நட்டாள். தகப்பனார் கம்பத்தை மீண்டும் நட்டார். மாலையில் தமிழ்க் குரல் கேட்டபோது அயல் லயத்துப் பிள்ளைகளும் வாயிலில் வந்து நின்றனர். பணம் வாங்கித் தந்தது தட்டை மட்டுமே. அதற்கு வானத்தைக் காட்டியது பள்ளிக்கூடத்துப் பாடம். தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பை இடைநிறுத்த எண்ணும் பெற்றோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.