கணக்கு சொன்னால் போதுமா? அளந்து பார்!

நம்ம அத்திப்பட்டு பக்கம் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தில், நீராவியைக் குளிர வைக்கும் கடல்நீர் தானும் சூடாகி வெளியே வரும். 2009-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அந்தச் சுடுநீரிலிருந்தே குடிநீர் எடுத்தது. எப்படி?

காற்றழுத்தத்தை ரொம்பக் குறைத்தால் வெதுவெதுப்பான நீரும் ஆவியாகும். சாதாரணக் கடல்நீர் ஓடும் குழாய்கள் மேல் அந்த ஆவி பட்டால், உப்பில்லாத தண்ணீர் சொட்டும்.

இரண்டு கடல்நீருக்கும் வித்தியாசம் சுமார் 8 முதல் 10 டிகிரிதான். எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்னு கம்ப்யூட்டர் கணக்கு சொல்லும். ஆனா குழாயில் பாசி படிஞ்சா வெப்பம் சரியாகக் கடக்காது, கணக்கு தப்பும். அதனால தெர்மாமீட்டர் வைத்து அளந்து ஒப்பிட வேண்டும்.

அளந்தது சரியா? சுடுநீர் இழந்த வெப்பமும் குளிர்ந்த நீர் பெற்ற வெப்பமும் ஏறக்குறைய சமமா இருக்கணும். இல்லாட்டி கருவியையும் சோதிக்கணும். கணக்கும் அளவும் ஒத்துப்போனால்தான் நம்பிப் பெரிய ஆலை கட்டலாம்!