உங்களுக்குத் தெரியுமா? பாதி விரல், பாதி ஸ்பிரிங்!

● மடக்குக் கத்தியின் வயது 2,500 ஆண்டுகளுக்கும் மேல். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி கி.மு. 600-500 காலத்தைச் சேர்ந்தது. ஆனால் விரலால் கொஞ்சம் தள்ளிவிட்டால் மீதியை ஸ்பிரிங் விரித்துவிடும் ‘அசிஸ்டட்’ கத்தி பிறந்தது 1990-களில்தான்.

● இந்தக் கத்திக்கு யோசனை கொடுத்தது மோட்டார் சைக்கிள்! 1995-இல் அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் பிளாக்கி காலின்ஸ் தன் டுகாட்டி வண்டியின் அமைப்பைப் பார்த்து ‘ஸ்ட்ரட் அண்ட் கட்’ கத்தியை உருவாக்கினார். சிறிது காலத்தில் கென் ஆனியன் தன் ஹார்லி டேவிட்சனிலிருந்து யோசனை பெற்று ‘ஸ்பீட்சேஃப்’ அமைப்பைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் கெர்ஷா நிறுவனக் கத்திகள் வழியாக அது உலகம் முழுக்கப் பரவியது.

● பட்டன் கத்தி வேறு, இது வேறு. பட்டன் கத்தியில் ஸ்பிரிங் எப்போதும் அலகைத் திறக்கவே முயலும். பட்டனை அழுத்தும்வரை ஒரு கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும். அசிஸ்டட் கத்தியிலோ, மூடிய நிலையில் அதே ஸ்பிரிங் அலகை உள்ளேயே அழுத்தி வைக்கிறது. விரல் தள்ளத் தள்ள விசை ஏறி, ஒரு புள்ளியைத் தாண்டியதும் அதன் திசை மாறி அலகைத் திறக்கும் பக்கம் தள்ளுகிறது. சுவரிலுள்ள விளக்கு சுவிட்சும் இப்படித்தான்: நடுவில் நிற்காது, இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம்.

● இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே சட்டம் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பட்டன் கத்திகளைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் 1958-இல் வந்தது. மூடிய நிலையை நோக்கி அழுத்தம் உள்ள, திறக்கக் கையின் விசை தேவைப்படும் கத்திகளுக்கு 2009-இல் அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். பிரிட்டன் எதிர்த்திசையில் போனது. 2019-ஆம் ஆண்டின் சட்டம், பாதி திறந்த நிலையிலிருந்து தானாக முழுதும் விரியும் கத்தியையும் தடைப்பட்டியலில் சேர்த்தது.

● பிடியின் ஒரு பக்கத் தகட்டை எடுத்துப் பாருங்கள். பெரிய இயந்திரம் எதுவும் இருக்காது. பல மாடல்களில் இருப்பது இரு முனையும் வளைந்த ஒரே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. ‘டார்ஷன் பார்’ என்று பெயர். ஒரு முனை பிடியில் ஊன்றியிருக்கும். மறுமுனை அலகின் அடிப்பகுதியைப் பற்றியிருக்கும். கம்பி முறுக்கேறுவதும் முறுக்கு விடுவதும்தான் மொத்த வித்தையும். வேறு சில மாடல்களில் சுருள் ஸ்பிரிங் இருக்கும்.

● சரியாகத் திறக்காத கத்தியைப் பிரித்துச் சுத்தம் செய்ய உட்காருமுன் மேஜையில் வெள்ளைத் துணி விரியுங்கள். அரிசியைவிடச் சிறிய திருகாணிகூட அதில் பளிச்சென்று தெரியும், உருண்டும் ஓடாது. கத்தியின் வாயில் இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். விசையோடு இருக்கும் கம்பி எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது.

● இந்தத் திருகாணிகளின் தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி இருக்கும். ‘டார்க்ஸ்’ எனப்படும் இந்த வடிவத்தை 1967-இல் அமெரிக்காவின் கேம்கார் டெக்ஸ்ட்ரான் உருவாக்கியது. கத்திகளில் அதிகம் காணப்படுபவை டி6, டி8 அளவுகள். அளவு சரியில்லாத திருப்புளியைப் போட்டுத் திருகினால் நட்சத்திரம் மழுங்கி வட்டமாகிவிடும். பிறகு அந்தத் திருகாணியைக் கழற்றுவது பெரும்பாடு.

● திருகாணி அசையவே மாட்டேன் என்கிறதா? மரையில் பசை போட்டிருப்பார்கள். காற்று படாமல், உலோகத்தை ஒட்டியிருக்கும்போது மட்டும் இறுகும் இந்த விசித்திரப் பசையை 1953-இல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கினார், அதுதான் ‘லாக்டைட்’. பலத்தைக் காட்டினால் திருகாணி ஒடியும். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகாணித் தலையில் சற்று நேரம் வைத்துச் சூடாக்கினால் பசை இளகிவிடும்.

● பிரிக்கும்போது கத்தி எந்த நிலையில் இருக்க வேண்டும்? டார்ஷன் பார் உள்ள கத்திகளில் அலகை விரித்து வைத்தே பிரிப்பது வழக்கம். விரிந்த நிலையில் கம்பியில் விசை குறைவு. முதலில் பாக்கெட் கிளிப், அடுத்து பிடியின் திருகாணிகள், கடைசியில் அலகு சுழலும் அச்சுத் திருகாணி. தகட்டைத் தூக்கும்போது கட்டைவிரலால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதுதான் வழிகாட்டி.

● அச்சைச் சுற்றி அலகின் இரு பக்கமும் நாணயம் போன்ற மெல்லிய வாஷர்கள் இருக்கும். செம்பு நிறத்தில் இருந்தால் பாஸ்பர் வெண்கலம். வெள்ளையாக வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் டெஃப்லான். பாக்கெட் நூலும் தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து கருப்பு வளையமாகப் படிவது இவற்றின் மேல்தான். ‘ஸ்பிரிங் போய்விட்டது’ என்று நாம் நினைக்கும் கத்தியில் பல சமயம் குற்றவாளி இந்தக் கருப்பு வளையமே. ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால் வந்துவிடும்.

● எண்ணெய் ஒரு சொட்டு போதும். தையல் மிஷின் எண்ணெய் போல மெல்லியதாக இருக்கட்டும். சமையல் எண்ணெய் கூடவே கூடாது. நாளாக ஆகப் பிசுக்காகி, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

● பூட்டும்போது பொறுமை சோதிக்கப்படும் இடம் அச்சுத் திருகாணி. அதிகம் இறுக்கினால் ஸ்பிரிங்கால் அலகைத் தள்ள முடியாது. தளர்த்தினால் அலகு இடமும் வலமும் ஆடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம், ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். கொஞ்சம் திருகுங்கள், திறந்து பாருங்கள், மறுபடி திருகுங்கள். அலகு ஆடாமல், தடங்கலின்றித் திறந்தால் அதுதான் சரியான இடம்.

● கடைசிச் சோதனை, பூட்டு. ‘லைனர் லாக்’ எனப்படும் பக்கத் தகட்டுப் பூட்டை இன்றைய வடிவில் தந்தவர் அமெரிக்கர் மைக்கேல் வாக்கர். அலகு விரிந்ததும் இந்தத் தகடு நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். டேப்பைப் பிரிக்காமலேயே, விரல்களை மடங்கும் வழியிலிருந்து விலக்கி, கத்தியின் முதுகை மெதுவாக அழுத்திப் பாருங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள்.

● இந்தியாவின் ஆயுத விதிகள், வீடு, விவசாயம், தொழில் போன்ற உபயோகங்களுக்கானவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. விமானத்தில் கைப்பையில் பாக்கெட் கத்திக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு விதி மாறும். கையோடு கொண்டுபோகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

● பல நிறுவனங்களில், கத்தியை நாமே பிரித்தால் உத்தரவாதம் செல்லாது. ஆகவே முதலில் பிரிக்காமலே சுத்தம் செய்து பாருங்கள்: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய். பெரும்பாலான கத்திகளுக்கு இதுவே போதும். இதற்கும் சரியாகாத கத்திக்கு மட்டும் திருப்புளியை எடுங்கள்!