இணையச் சந்தையில் கடை போட நினைப்பவர்களுக்கு

"இணையத்தில் போட்டு விற்றால் நல்ல விலை போகுமாமே, எதில் போடுவது?" என்ற கேள்வி இப்போது வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர்ப் பகுதிகளில் சிறு வியாபாரம் செய்பவர்கள் மத்தியில் அடிக்கடி எழுகிறது. வீட்டில் அபாயா தைத்து விற்கும் சகோதரிகளும், மருதமுனைச் சாரம் எடுத்து விற்பவர்களும், கெம்பஸ் மாணவர்களிடம் பழைய மடிக்கணினி வாங்கித் திருத்தி விற்கும் இளைஞர்களும் இதைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. விற்கும் பொருள் என்ன என்பதைப் பொறுத்துத்தான் தளத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

முதலில் ஏலத் தளங்களைப் பார்ப்போம். உலகத்தில் இதற்குப் பெயர் போனது ஈபே. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கியது. அதில் முதலில் விற்பனையான பொருள் உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு. 14.83 டொலருக்கு ஒருவர் வாங்கினார். உடைந்த சாமானுக்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார் என்பதே இந்த வியாபாரத்தின் அடிப்படை.

ஏலம் நமக்குப் புதிதல்ல. விடியற்காலையில் மீன் ஏலம் பார்த்திருக்கிறோம், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் தேங்காயும் கோழியும் ஏலம் போவதும் தெரியும். ஈபே ஏலத்தில் சிறு வித்தியாசம் உண்டு. வாங்குபவர் தான் கொடுக்கக்கூடிய உச்ச விலையை இரகசியமாகப் பதிந்து வைக்கலாம். மற்றவர் கேட்க கேட்க, தளமே அவருக்காகப் படிப்படியாக ஏற்றிச் செல்லும். 50 டொலர் வரை கொடுக்கத் தயாரான ஒருவருக்கு, மற்றவர் 30 டொலருடன் நின்றுவிட்டால், 30க்குச் சற்று மேலேயே பொருள் கிடைத்துவிடும். ஆக, உங்கள் பொருளுக்கு ஆசைப்படுபவர் ஒருவர் மட்டும் இருந்தால் ஏலத்தில் விலை ஏறாது. குறைந்தது இருவராவது வேண்டும்.

எனவே ஏலம் என்பது ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்குத்தான் பொருத்தம்: பழைய சிலோன் முத்திரை, நாணயம் போன்றவை. (மிகப் பழைய கலைப் பொருட்களைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.) ஒரே மாதிரியான நூறு சாரம் வைத்திருப்பவர் ஏலத்துக்குப் போவது வீண் வேலை. அவருக்கு நிலையான விலைதான் சரி. ஈபேயே 2000ஆம் ஆண்டில் 'உடனே வாங்கு' என்ற முறையைச் சேர்த்துக்கொண்டது.

ஏலத்தில் இன்னொரு விஷயம். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிட ஆள் வைப்பதை மார்க்கம் 'நஜ்ஷ்' என்று தடுத்திருக்கிறது. ஈபேயின் விதியும் அதையேதான் சொல்கிறது. 2000ஆம் ஆண்டில் அதில் ஓர் ஓவியம் 135,805 டொலர் வரை ஏறியது. விற்றவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் தாங்களே விலை கேட்டு ஏற்றிய விவகாரம் வெளியாகி, மறு வருடம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. "மச்சானை ஒரு கேள்வி போடச் சொல்லுவோம்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஈபேக்கு மாற்றாக வந்த தளங்களின் கதை நமக்கு நல்ல பாடம். அமெரிக்காவில் யாஹூ ஏலத் தளம் முதலில் இலவசமாக நடத்தப்பட்டது. 2001இல் கட்டணம் வைத்ததும் விற்பவர்கள் கலைந்தார்கள். 2007இல் அது மூடப்பட்டது. ஆனால் ஜப்பானில் யாஹூ 1999இல் முந்திக்கொண்டதால், பின்னால் வந்த ஈபே 2002இல் அங்கிருந்து போய்விட்டது. இந்தியாவில் 'பாஸி' என்ற தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அந்த ஈபே இந்தியாவும் 2018இல் மூடப்பட்டது. சீனாவில் அலிபாபா நிறுவனத்தின் டாவ்பாவ் தளம் விற்பவரிடம் பட்டியல் கட்டணம் வாங்காமல் ஈபேயை முந்தியது. வாங்குபவர் இருக்கும் இடத்துக்கே விற்பவர் போவார், விற்பவர் இருக்கும் இடத்துக்கே வாங்குபவர் வருவார். இரண்டும் சேராத தளம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஆளில்லாச் சந்தைதான். ஒரு தளம் மூடப்படும்போது அதில் நீங்கள் பல வருடம் சேர்த்த நற்சான்றும் சேர்ந்தே மறைந்துவிடும். ஆகவே வாடிக்கையாளரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கத்தை ஒரு கொப்பியிலாவது எழுதி வையுங்கள்.

வெளிநாட்டுக்கு விற்பதில் நமக்குள்ள பெரிய தடை பணம் கைக்கு வருவதுதான். பேபால் மூலம் இலங்கையிலிருந்து காசு கட்ட முடிந்தும், காசு பெற முடியாத நிலை நெடுங்காலம் நீடித்தது. ஈபே பின்னர் பேபாலை விட்டுத் தானே பணத்தைப் பெற்று விற்பவருக்கு அனுப்பும் முறைக்கு மாறியது. பல நாடுகளில் அது பேயோனியர் கணக்கு வழியாக வருகிறது. கணக்குத் திறக்கும் முன், காசு எந்த வழியாக உங்கள் வங்கிக்கு வரும், எவ்வளவு கழிவு போகும் என்று வங்கியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணமும் கவனிக்க வேண்டியது. ஈபே பெரும்பாலான பொருட்களுக்கு நூற்றுக்கு 13 அளவில் எடுக்கிறது. கைவினைப் பொருட்களுக்கான எட்ஸி ஒரு பொருளைப் பட்டியலிட 20 சதமும், விற்றால் நூற்றுக்கு 6.5உம் எடுக்கிறது. இரண்டுமே தபால் கூலியையும் சேர்த்த தொகைக்குத்தான் கணக்குப் பார்க்கின்றன. பாரமான பொருள் விற்பவருக்கு இது கடிக்கும். அமெரிக்கா 800 டொலருக்குக் குறைந்த பொதிகளுக்குக் கொடுத்திருந்த வரிவிலக்கை 2025 ஓகஸ்ட் 29இலிருந்து நிறுத்தியதும் சிறு விற்பனையாளருக்கு ஒரு அடி.

இனி உள்நாட்டுக்கு வருவோம். இக்மன் 2012இல் வந்த விளம்பரத் தளம். பழைய மோட்டார் சைக்கிள், தளபாடம், தொலைபேசி போன்றவற்றுக்கு நல்லது. ஆளை நேரில் கண்டு, பொருளைக் காட்டி, காசை எண்ணி வாங்கலாம். டராஸ் 2016இல் இலங்கைக்கு வந்து, 2018இல் அலிபாபாவின் கைக்குப் போனது. இங்கே பொருள் அனுப்புவதும் பணம் வாங்குவதும் தளத்தின் பொறுப்பு. அதற்குக் கமிஷன் உண்டு. கப்ருகா அன்பளிப்பு, கேக் போன்றவற்றில் பெயர் எடுத்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஊரிலுள்ள உம்மா வாப்பாவுக்கு அனுப்பும் வியாபாரம் அதில் உண்டு. பேஸ்புக், வட்ஸ்அப் வழியாக விற்றால் கமிஷன் இல்லை. ஆனால் ஆளை நம்ப வைப்பதும், பொதி அனுப்புவதும், காசு வாங்குவதும் முழுக்க உங்கள் வேலை.

கமிஷன் தளத்தில் விற்பவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சாரம் 2,500 ரூபாய்க்கு விற்கிறீர்கள், அடக்க விலை 1,700 என்று வைத்துக்கொள்வோம். கடையில் இலாபம் 800. தளத்தில் எல்லாக் கழிவும் நூற்றுக்கு 10 என்றால் 250 போகிறது, பொதி கட்ட 60. மிஞ்சுவது 490. பத்துப் பொதி அனுப்பி, இரண்டை வாங்குபவர் கதவடியில் மறுத்துவிட்டால், விற்ற எட்டுக்கும் இலாபம் 3,920. திரும்பிய இரண்டுக்கும் போக்குவரத்துக் கூலி தலைக்கு 400 உங்கள் பொறுப்பில் விழுந்தால், பொதி கட்டிய செலவோடு 920 போகிறது. கையில் நிற்பது 3,000. கடையில் எட்டு விற்றிருந்தால் 6,400. கடைக்கு வாடகையும் மின்சாரமும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் இணையத்தில் விற்ற காசு அன்றே கைக்கு வருவதில்லை. 20,000 ரூபாய் முதல் போட்டவருக்குப் பத்து நாள் காசு முடங்கினால், அடுத்த துணி எடுக்க வழியில்லாமல் போகும். கொழும்பு வியாபாரிக்கு இது பெரிதல்ல, நமது சகோதரிகளுக்குப் பெரிது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் அறிந்த ஒரு குடும்பத்தில் தைக்கிறவர் உம்மா. தளத்தில் கணக்கு, தொலைபேசி இலக்கம், வங்கிப் புத்தகம் எல்லாம் அவருடைய சகோதரி மகனின் பெயரில். பொடியன் கட்டாருக்குப் போனதும் கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது. இரண்டு வருடமாகச் சேர்த்த நற்சான்றுகளும், வரவேண்டிய காசும் அந்தப் பெயரிலேயே நின்றன. அவன் நல்ல பிள்ளைதான், ஏமாற்றவில்லை. ஆனாலும் அந்த உம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. யார் உழைக்கிறாரோ அவரின் அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் திறவுங்கள். படம் எடுக்கவும் எழுதிப் போடவும் பிள்ளைகள் உதவட்டும்.

விளம்பரத் தளங்களில் விற்பவரை ஏமாற்றும் ஆட்களும் உண்டு. "காசு போட்டுவிட்டேன், இந்த இணைப்பை அழுத்தினால் உங்கள் கணக்குக்கு வரும்" என்று செய்தி வரும். அதில் வங்கி அட்டை இலக்கமும், தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கமும் கேட்பார்கள். காசு பெறுவதற்கு ஓ.டி.பி. தேவையே இல்லை. கேட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் ஐந்தே ஐந்து பொருளைப் பேஸ்புக்கிலும் ஒரு கமிஷன் தளத்திலும் ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம். எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது, காசு எத்தனை நாளில் வந்தது என்று எழுதி வைத்தால் எது தோது என்பது தெரியும். தொழில் பெருகினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வங்கியில் வியாபாரப் பெயரில் கணக்குத் திறக்க அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.