நன்றி சொல்ல 11 மாதம்

1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை, நியூயார்க் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் 8,500 பேரைத் தேடிப் போய்ப் பார்த்துக் கை குலுக்கினார் மியர்ல் லேடர்மன் யூகிலீஸ் என்ற பெண் கலைஞர். நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். இந்தப் பதினொரு மாதச் செயலுக்கு ‘டச் சானிடேஷன்’ என்று பெயர். உள்ளாட்சி ஊழியர்களைக் கௌரவிக்கும் பொதுவெளிக் கலையின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. இத்தனைக்கும் பீடமோ சிலையோ இதில் கிடையாது.

யூகிலீஸின் எண்ணம் வீட்டுக்குள்தான் பிறந்தது. 1968இல் முதல் குழந்தை பிறந்தபின், அவருடைய நாளின் பெரும்பகுதி துடைப்பதிலும் துவைப்பதிலும் கழிந்தது. மறு ஆண்டே பராமரிப்பைக் கலையாக அறிவிக்கும் ஓர் அறிக்கையை எழுதினார். புதிதாக ஒன்றை உண்டாக்குகிறவருக்கு மாலை விழுகிறது. உண்டானதை அன்றாடம் கழுவி, பழுதுபார்த்து, கெடாமல் காக்கிறவரைக் கவனிப்பார் இல்லை என்பது அதன் சாரம். 1973இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தின் படிகளை மணிக்கணக்கில் மண்டியிட்டுக் கழுவினார். பார்வையாளர்கள் அதைக் கலைநிகழ்ச்சியாகப் பார்த்தார்கள். அதே படிகளைத் தினமும் கழுவுகிறவரை யாரும் நின்று பார்த்ததில்லை.

1976இல் மன்ஹாட்டனின் வானளாவிய கட்டடம் ஒன்றில் வேலை செய்த பராமரிப்பு ஊழியர்கள் 300 பேரிடம், வேலை நேரத்தில் ஒரு மணி நேரத்தை மட்டும் கலையாக நினைத்துக்கொள்ளும்படி அவர் கேட்டார். அவர்களைப் படமெடுத்து, அந்த நொடியில் செய்துகொண்டிருப்பது வேலையா கலையா என்று அவர்களையே சொல்லவைத்தார். அப்போது நியூயார்க் திவாலாகும் நிலையில் இருந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்திருந்தார்கள். இந்தப் படைப்புக்கு மதிப்புரை எழுதிய விமர்சகர் ஒருவர், தூய்மைத் துறையும் தன் வேலையைக் கலை என்று சொல்லிக் கலைக்கான அரசு மானியம் கேட்கலாமே என்று கிண்டலடித்தார். யூகிலீஸ் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல் துறைக்கு அனுப்பிவைத்தார். துறை அவரைக் கூப்பிட்டது. 1977 முதல் அவர் அந்தத் துறையின் உறைவிடக் கலைஞர். சம்பளம் கிடையாது.

கை குலுக்கும் பயணத்துக்குத் திட்டமிடவே நாள் பிடித்தது. நகரின் 59 வட்டங்களையும் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டார். விடியற்காலையில் ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நேரத்திலேயே போய் நிற்பார். பிறகு வண்டியோடு தெருத்தெருவாக நடப்பார். தொட்டியைத் தூக்குவது, கவிழ்ப்பது, வீசுவது என்று அவர்களுடைய உடல் அசைவுகளைத் தானும் செய்து பார்ப்பார். பேச்சு தானாக வரும். ஒரு தொழிலாளி 17 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொன்னார். கொளுத்தும் வெயிலில் ஒரு வீட்டுக் குப்பையை ஏற்றி முடித்த களைப்பில் அவரும் கூட்டாளியும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மாள், வாசலை நாறடிக்காமல் எழுந்து போகும்படி விரட்டியிருக்கிறார். அந்தச் சொல் அத்தனை வருடம் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது என்றும், இன்று அது எடுபட்டது என்றும் அவர் சொன்னார். இதை மறக்க மாட்டீர்களே என்றும் கேட்டுக்கொண்டார்.

யூகிலீஸ் மறக்கவில்லை. 1984இல் ஒரு கலைக்கூடத்தின் முன் அந்த வாசற்படியைப் போலவே ஒன்றைக் கட்டினார். தொழிலாளர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட வசைப்பெயர்களைக் கண்ணாடிச் சன்னல்களில் எழுதிவைத்து, நகரின் பல தரப்பு மக்களையும் அழைத்து அவற்றைத் துடைக்கச் செய்தார். வசைபாடிய ஊரே அன்று மட்டும் துப்புரவு வேலையைச் செய்தது. அவருடைய படைப்புகளில் ஆகக் கூர்மையானது இதுதான் என்று சொல்லலாம்.

இதற்கு ஓராண்டு முன்பு, 1983இல், குப்பை லாரி ஒன்றின் பக்கங்களில் கண்ணாடி பதித்து ஊர்வலத்தில் ஓடவிட்டார். தெருவில் நிற்பவருக்கு அந்த லாரியில் தெரிவது அவருடைய முகமே. குப்பை யாருடையது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தெரு பெருக்கும் இயந்திரங்களை நடனமாட வைத்ததும் அதே ஊர்வலத்தில்தான். பனி கொட்டும் ஜப்பானிய ஊரான தொகாமாச்சியில் 2003இல் பனி அள்ளும் வண்டிகளை வைத்து இதையே செய்தார். ஓட்டியவர்கள் அந்த வேலையை அன்றாடம் செய்கிறவர்கள். இரண்டு வண்டிகள் ரோமியோவும் ஜூலியட்டுமாயின. ஊழியர்கள் பயன்படுத்திய கையுறைகளையும் கருவிகளையும் சேர்த்து 1988இல் அவர் எழுப்பிய தோரண வளைவும் பேசப்பட்ட ஒன்று.

ஆனால் கைகுலுக்கலால் கூலி உயருமா? இந்தக் கேள்விக்கு விடை தேட வேறொரு நகரத்தையும் பார்க்க வேண்டும். நியூயார்க் தூய்மைப் பணியாளர்கள் 1968 பிப்ரவரியில் 9 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு அப்போதே வலுவான சங்கம் இருந்தது. அந்த வேலைநிறுத்தம் முடிந்த இரண்டாம் நாள், டென்னசி மாநிலத்தின் மெம்பிஸில் சுமார் 1,300 கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மழைக்கு லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் ஆகிய சக பணியாளர்கள் இருவரும் பிப்ரவரி 1 அன்று குப்பை நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்திருந்தார்கள். தாங்களும் மனிதர்களே என்று எழுதிய அட்டைகளுடன் மற்றவர்கள் தெருவில் நடந்தார்கள். ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதம் 16ஆம் தேதி சங்கத்துக்கு அங்கீகாரமும் கூலி உயர்வும் கிடைத்தன. 50 ஆண்டுகள் கழித்து 2018இல், ஊர்வலங்கள் புறப்பட்ட கிளேபார்ன் ஆலயத்தை ஒட்டி, சிற்பி கிளிஃப் கார்ட்டன் வடிவமைத்த நினைவுச் சதுக்கம் திறக்கப்பட்டது. அட்டையிலிருந்த வாசகம் அங்கே ஆளுயரத்தை மிஞ்சும் எழுத்துகளாக நிற்கிறது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் பெயர்கள் சுவரில் உள்ளன. போராட்டத்தை நினைவில் நிறுத்த இது சரியான வடிவம். ஆனால் நாளைக் காலை வண்டியேறப் போகிறவருக்குச் சுவரில் இடமில்லை. அவரைத் தேடிப் போனது யூகிலீஸின் வழி.

அந்த வழியை நியூயார்க் 2015இல் முறைப்படுத்தியது. மாநகரத்தின் பல துறைகளில் கலைஞர்களை அமர்த்தும் திட்டம் ஒன்றைக் கலாச்சாரத் துறை அவரை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கியது. தேர்வாகும் கலைஞர் முதலில் சில மாதங்கள் துறை ஊழியர்களோடு இருந்து அவர்கள் வேலையைக் கவனிக்க வேண்டும். என்ன செய்யலாம் என்ற யோசனையைச் சொல்வது அதற்குப் பிறகுதான். இந்தப் பொறுப்புக்கு ஊதியமும் உண்டு.